வாசித்துக் காட்டப்பட்டது

இங்கிலீஷ் லிட்ரேச்சர்தானே? தாராளமா சேத்து விடுங்க சார். இதுல யோசிக்க என்ன இருக்கு. நீங்க பெரம்பலூர்ல ஏறினதுலேர்ந்து பாக்குறேன், பாப்பா அந்த அப்ளிகேசன மடியில வச்சுக்கிட்டு உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு வருது, நீங்க முன்சீட்டுக் கம்பியவே பாத்துக்கிட்டு வர்றீங்க. அஞ்சு வருசத்துக்கு முன்னாடி நானும் இதே மாதிரி உக்காந்திருந்தவன்தான். அப்ப எனக்கு எடுத்துச் சொல்ல ஆளில்ல. உங்களுக்கு நான் கிடைச்சிருக்கேன்.

எனக்குத் துறையூர் சார். பேரு நல்லுசாமி. பத்திரம் எழுதுறவன். சப் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதுத்தாப்புல முப்பத்தோரு வருசமா உக்காந்திருக்கேன். கிரயம், தானம், பாகப்பிரிவினை, உயில், எதுவா இருந்தாலும் நம்மகிட்டதான் வருவாங்க. நான் எழுதின பத்திரம் ஒண்ணு கூடத் திரும்பி வந்ததில்ல. இத நான் பெருமைக்குச் சொல்லல, நீங்க துறையூருக்கு வந்து யார வேணாலும் கேட்டுப் பாருங்க.

அதோ பாருங்க. டிரைவருக்குப் பின்னாடி ரெண்டாவது சீட்டு, ஜன்னலோரம், பச்சைத் துப்பட்டா. அதான் என் பொண்ணு. சிந்துஜா. பி.ஏ. இங்கிலீஷ் லிட்ரேச்சர், யுனிவர்சிட்டில பதினோராவது ரேங்கு. மெட்ராஸ்ல வேலை. ரெண்டரை மாசம் லீவுல இருந்தா, நாளைக்குத் திங்கக்கிழமை திரும்பச் சேரணும், அதான் கூட்டிக்கிட்டுப் போறேன். உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. அலுப்புதான். பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்கு, என்னை உக்காரச் சொல்லல. அவ தனியா உக்காந்தாத்தான் அவளுக்குச் சௌரியம். நானும் தொந்தரவு பண்றதில்ல.

அவ டிகிரி முடிச்சதும் எங்க வீட்டுல பெரிய பஞ்சாயத்து சார். எஸ்தர் மேடம்னு அவளுக்குப் பாடம் எடுத்தவங்க, வீட்டுக்கே வந்துட்டாங்க. நாற்காலியில உக்காந்து விரல மடக்கி மடக்கிச் சொன்னாங்க. இவளுக்கு மூணு வழி இருக்குங்க, பி.எட். படிச்சு ஸ்கூல் டீச்சர் ஆகலாம், எம்.ஏ. படிச்சு நெட் எழுதி காலேஜுக்குப் போகலாம், இல்லன்னா மூணு வருசம் சட்டம் படிக்கலாம், சட்டந்தான் இவளுக்குச் சரியா வரும், இவ ஒரு பக்கத்தப் படிச்சா அதுல என்ன எழுதலங்கறதையும் சேத்துப் படிக்கிறான்னாங்க. எனக்கு அது விளங்கல. எழுதாதத எப்படிப் படிக்கிறது?

பி.எட். வேணாம்னு நான் அப்பவே சொல்லிட்டேன். எங்க அக்கா மகன் பி.எட். முடிச்சிட்டு ஒம்பது வருசமா டெட் எழுதுறான். எழுதுறான், பாஸ் பண்றான், அப்புறம் இன்னொரு பரீச்சைங்கறாங்க, அதையும் எழுதுறான். இப்ப உப்பிலியபுரத்துல செல்லு ரீசார்ஜ் கடை வச்சிருக்கான். கடையிலயும் கைடு விரிச்சு வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கான். எம்.ஏ., நெட்டு, பிஎச்டின்னு போனா முப்பது வயசாயிரும், அப்புறம் மாப்பிள்ளை எங்க போய்த் தேடுறது.

சட்டத்துக்கு அவ எனக்குத் தெரியாம அப்ளிகேசன் போட்டிருந்தா. கவர்மென்ட் லா காலேஜ்லேர்ந்து கார்டு வந்துருச்சு, இடம் கிடைச்சிருக்குன்னு. நான் கூடாதுன்னுட்டேன். பொம்பளப் புள்ள கோர்ட்டு வாசல்ல போய் நிக்கிறதாவதுன்னேன். அவ அம்மா பாக்கியம் கூட, போகட்டுமே, ஆசைப்படுறாளேன்னா. நான் கேக்கல.

உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. ஒரு தடவ ஒரு வக்கீலு, பேரு வேணாம், நான் எழுதின பாகப்பிரிவினையத் தூக்கிக்கிட்டு ஆபீசுக்கு வந்துட்டாரு. நாலெல்லை எழுதுறப்ப கிழக்கையும் மேக்கையும் மாத்திப் போட்டிருந்தேன். கை பிசகு சார், யாருக்கும் நடக்கறதுதான். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அதுல அடிச்சுக்கிட்டு கோர்ட்டுக்குப் போயிருந்தாங்க. சப் ரிஜிஸ்ட்ரார் முன்னாடி, அத்தன கூட்டத்துக்கு முன்னாடி, அந்த ஆளு என்னப் பாத்து, எழுதினதத் திருப்பிப் படிச்சுப் பாக்கவே மாட்டீங்களாய்யான்னு கேட்டாரு. என் வயசுக்கு மரியாதை இல்லாம. அன்னைக்கு முடிவு பண்ணேன், அந்தக் கறுப்புக் கோட்டு என் வீட்டுக் கொடியில தொங்கக் கூடாதுன்னு. அதுக்காகத்தான் புள்ளைய விடலன்னு நினைச்சிராதீங்க. அவ நல்லதுக்குத்தான் வேணாம்னேன்.

அந்த நேரம் பாத்துத்தான் சாமி குடுத்த மாதிரி இந்தக் கம்பெனிக்காரங்க காலேஜுக்கு வந்தாங்க. லிட்ரேச்சர் புள்ளைங்கதான் வேணும்னு கேட்டு வந்தாங்க சார். வார்த்தைய நல்லாப் புரிஞ்சுக்குவாங்க, ஜாடை மாடையாப் பேசுறதக் கண்டுபிடிப்பாங்கன்னு. நாலு பேர எடுத்தாங்க, இவதான் முதல்ல. வேலைக்குப் பேரு என்னவோ, கன்டென்ட் ரிவ்யூ அசோசியேட். என்ன வேலைன்னா, உலகம் பூரா ஜனங்க செல்லுல வீடியோ எடுத்துப் போடுறாங்கல்ல, அதுல எது இருக்கலாம், எது இருக்கக் கூடாதுன்னு பாத்துச் சொல்லணும். அவ்வளவுதான். நம்ம வெயில்ல உக்காந்து கண்ணு அவிய எழுதுறோம், அவ ஏசில உக்காந்து வீடியோ பாக்குறா. கழுத்துல டேக்கு. காரு வந்து ஹாஸ்டல் வாசல்ல ஏத்திக்கும், வாசல்ல எறக்கி விடும். எங்க தெருவுல அந்த டேக்கு மாட்டின முதல் பொண்ணு என் பொண்ணுதான்.

அக்ரிமென்ட்டு பதினாலு பக்கம். பூரா இங்கிலீஷு. எனக்கு இங்கிலீஷ்ல பேரு, தேதி, சர்வே நம்பர் வரைக்கும் படிக்க வரும், அதுக்கு மேல ஓடாது. எதையும் கேக்காமக் கையெழுத்துப் போட்டுறக் கூடாதுன்னு, அவளையே படிச்சுத் தமிழ்ல சொல்லச் சொன்னேன். வரி வரியாச் சொல்லிக்கிட்டே வந்தா. அங்க பாக்குற எதையும் வீட்டுலயோ வெளியிலயோ யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு ஒரு பக்கம். சரி, நியாயம்தானே, நம்மகிட்ட உயில் எழுத வர்றவங்க விசயத்த நம்ம வெளிய சொல்றோமா. ஒம்பதாவது பக்கம் வந்ததும் நிறுத்திட்டா. என்னன்னேன். அப்பா, வேலை நேரத்துல மனசப் பாதிக்கிற காட்சிகளப் பாக்க வேண்டி வரலாம், அதனால மனநலம் கெட்டுப் போகலாம், தெரிஞ்சேதான் சம்மதிக்கிறேன்னு போட்டிருக்குப்பான்னா.

நான் சிரிச்சேன் சார். இந்த மாதிரி வரி எல்லாப் பத்திரத்துலயும் இருக்கும். 'இச்சொத்தின் பேரில் யாதொரு வில்லங்கமும் கிடையாது' அப்படின்னு கிரயத்துல எழுதுறோம், வில்லங்கம் இருக்கோ இல்லையோ எழுதுறோம். 'சுயபுத்தியுடனும் மனப்பூர்வமாகவும் பிறர் தூண்டுதலின்றியும்' அப்படின்னு எழுதுறோம், நாலு மகனுங்க ரெண்டு பக்கமும் கையப் புடிச்சுக்கிட்டு வந்து நிறுத்தியிருக்கிற கிழவனுக்கும் அதான் எழுதுறோம். 'வாசித்துக் காட்டப்பட்டது'ன்னு கடைசில போடுவோம், யாரு வாசிச்சுக் காட்டுறா? ஆபீசர், படிச்சுக் காட்டியாச்சாம்பாரு, எல்லாரும் ஆச்சுங்கம்பாங்க. அது பாட்டுக்கு அது இருக்கும். அதத்தான் அவகிட்ட சொன்னேன். அது சும்மா இருக்கிற வரி, போடும்மான்னேன். அவ பேனாவக் கையில வச்சுக்கிட்டு என்னப் பாத்தா. அப்பா, இவங்க மெனக்கெட்டு ஒரு பக்கம் பூரா எழுதியிருக்காங்களேன்னா. முப்பது வருசம் பத்திரம் எழுதுறவன் சொல்றேன், போடுன்னேன். போட்டா. சாட்சி இடத்துல நான் போட்டேன்.

முதல் மூணு மாசம் நல்லாத்தான் இருந்தா. போன்ல பேசுவா, சாப்பாட்டப் பத்தி, ரூம்ல கூட இருக்கிற புள்ளைங்களப் பத்தி. அங்க வீடியோவ வரிசை வரிசையாப் பிரிச்சுத்தான் குடுப்பாங்களாம், அப்புறம் இவள ஏதோ வேற வரிசைக்கு மாத்துனாங்களாம். இவ கவனமாப் பாக்குறாளாம், அதனால முக்கியமான வரிசையாம். எனக்குச் சந்தோசம், வேலையில உயர்வுதானே அது. அங்கேர்ந்துதான் பேச்சு கொறஞ்சுது. பொங்கலுக்கு வந்தப்ப ஆளு பாதியாயிருந்தா. கோழி அறுக்கிற எடத்துல நிக்க மாட்டேன்னா. மிக்சி ஓடினா வெளிய போயிருவா. எங்க வீட்டு மாடியில குடியிருக்கிற வாத்தியாரு, தங்கமான மனுசன், தன் சொந்தப் பேத்தியத் தூக்கிக்கிட்டு எறங்கி வந்தாரு. இவ படிக்கட்டுல நின்னுக்கிட்டு அவரு கையவே பாக்குறா. கண்ண எடுக்காம பாக்குறா. அவருக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. ஏம்மா அப்படிப் பாக்குறேன்னேன், ஒண்ணுமில்லப்பான்னா. ஏசியிலயே கிடந்துட்டு வந்தவ, வெயில் ஒத்துக்கலன்னு நினைச்சேன்.

பாக்கியம்தான் சொல்லிக்கிட்டே இருந்தா, புள்ளைக்கு என்னவோ ஆயிருச்சுங்க, ராத்திரில கண்ண மூட மாட்டேங்குறான்னு. பொம்பளைங்க எதையாவது சொல்லிக்கிட்டுத்தான் இருப்பாங்க. நான் காதுல போட்டுக்கல.

இதுல எனக்குப் பெரிய தலகுனிவு ஒண்ணு நடந்து போச்சு சார். மாசி மாசம் என் தம்பி பேரனுக்குக் காதுகுத்து. வீட்டுலயே வச்சோம். சொந்தம் பந்தம் நூறு பேரு. தாய்மாமன் மடியில புள்ளைய உக்கார வச்சாச்சு, ஆசாரி கம்பிய எடுத்துட்டாரு. ஒரு காது குத்தியாச்சு. புள்ள வீர்ர்னு கத்துது, கத்தத்தானே செய்யும், எல்லாரும் சிரிக்கிறாங்க, ஒருத்தன் செல்லுல வீடியோ எடுக்குறான். இவ எங்கேர்ந்து வந்தான்னு தெரியல. நேரா வந்து, எடுத்துக்கிட்டிருந்தவன் செல்லத் தட்டி விட்டா, மாமன் மடியிலேர்ந்து புள்ளையப் புடுங்கிக்கிட்டு உள் ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா.

அரை மணி நேரம். ஆசாரி கம்பியக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. மாமன் வீட்டுக்காரங்க எந்திரிச்சுட்டாங்க. நான் கதவத் தட்டுறேன், தட்டுறேன். கடைசில பாக்கியம் போய் என்னமோ மெதுவாச் சொல்லித் தெறந்தா. புள்ள அவ தோள்ல தூங்கிருச்சு. நான் என்ன பண்ணுவேன், அத்தன பேரு பாக்குறாங்க. ஒரு அறை விட்டேன். சத்தியமாச் சொல்றேன், இருபத்து மூணு வயசுல அதான் முதல் அடி.

அவ அழல. கன்னத்துல கைய வச்சுக்கிட்டு, அப்பா, ஒரு புள்ள அழுற சத்தத்த வச்சே அதுக்கு என்ன நடக்குதுன்னு எனக்குச் சொல்ல வரும்பா, பாக்காமயே சொல்ல வரும், தெனம் நான் என்ன பாக்குறேன்னு ஒரு தடவ கேளுங்கப்பான்னா. எல்லாரும் நிக்கிறாங்க. நான் அவ வாயப் பொத்தினேன். சொல்லாத, யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்க, நான் சாட்சி போட்டிருக்கேன்னேன். நான் சொன்னது தப்பா சார்? கையெழுத்துங்கறது என்ன விளையாட்டா? அன்னையிலேர்ந்து என்கிட்ட 'ம்'முக்கு மேல பேச்சில்ல. மூணு மாசமாச்சு. அடிச்சதுக்குக் கோவம்னு நினைக்கிறேன்.

திரும்ப வேலைக்குப் போனா. பத்து நாளு கூட இல்ல. ஆபீஸ்ல சீட்டுலேர்ந்து எந்திரிக்காம உக்காந்தே இருந்தாளாம், கம்ப்யூட்டர அணைச்சப்புறமும். அவங்களே லீவு குடுத்து அனுப்பி வச்சாங்க. திருச்சில டாக்டர்கிட்டக் காட்டினேன். மாத்திரை எழுதிட்டு, இந்தப் பொண்ணு பேசணும்யா, மனசுல கிடக்குறதக் கொட்டணும், வீட்டுல யாராவது உக்காந்து கேளுங்கன்னாரு. நான், டாக்டர், பேசக் கூடாதுன்னு அக்ரிமென்ட் இருக்குன்னேன். அந்த மனுசன் மூக்குக் கண்ணாடிய எறக்கி வச்சாரு. அப்புறம் அடுத்த ஆளக் கூப்பிட்டாரு.

நீங்க கேக்க வர்றது புரியுது. வேலைய விட்டுற வேண்டியதுதானேன்னு. விட்டுட்டு? நாமக்கல்லேர்ந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கு. நல்ல எடம். ஐ.டி. கம்பெனில வேலை பாக்குற பொண்ணுன்னுதான் கேட்டு வந்தாங்க. ஆவணில பாக்க வர்றோம்னு சொல்லியிருக்காங்க. அப்ப இவ அடுப்படியில உக்காந்து சுவத்தப் பாத்துக்கிட்டிருந்தா நான் என்ன பதில் சொல்றது? தெருவுல தெனம் நாலு பேரு கேக்குறான், என்ன, பொண்ணு இன்னும் லீவான்னு. போய் ரெண்டு நாள் உக்காந்தாச் சரியாயிரும். வேலைன்னா முதல்ல அப்படித்தான் இருக்கும், நம்மெல்லாம் சங்கடப்படாமயா வந்தோம்.

கம்பெனில ஒரே ஒரு தாளு கேட்டாங்க. டாக்டர் சர்டிபிகேட்டு உள்ளூர்லயே ஒருத்தர்கிட்ட வாங்கியாச்சு, அதோட வீட்டுல இருக்கிறவங்க ஒருத்தரு, இவங்க நல்லா இருக்காங்க, வேலைக்கு வரச் சம்மதம்னு ஒரு உறுதிக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்னு. எழுதுறது நம்ம தொழிலாச்சே. உக்காந்து எழுதினேன் பாருங்க. 'துறையூர் டவுன், கீழத்தெருவில் வசிக்கும் நல்லுசாமி ஆகிய நான் மனப்பூர்வமாக எழுதிக் கொடுக்கும் உறுதிக் கடிதம் என்னவென்றால், என் மகள் சிந்துஜா தற்போது பூரண சுகத்துடனும் தெளிந்த புத்தியுடனும்...' அப்படின்னு ஒரு பக்கம். நான் எழுதினதுலேயே நல்ல எழுத்து அதான்னு சொல்லுவேன். ஆனா அவங்களுக்கு இங்கிலீஷ்ல வேணுமாம். அதுக்கென்ன, வீட்டுலயே லிட்ரேச்சர் படிச்சவ இருக்கா. சிந்து, இத அப்படியே இங்கிலீஷ்ல எழுதுன்னு குடுத்தேன். ரெண்டரை மாசமா ஒரு வேலையும் தொடாதவ, வாங்கிட்டு உள்ள போனா. ஒரு மணி நேரம் எழுதினா சார். அடிச்சு அடிச்சு எழுதி, நல்லாப் படி எடுத்துக் கொண்டாந்தா. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. படிச்சுக் காட்டவான்னு அவ கேக்கல, நானும் கேக்கல, நான் சொன்னதுதானே. அடியில போட்டுட்டேன்.

இருங்க, காட்டுறேன். இந்தப் பையிலதான் இருக்கு. கவர் இன்னும் ஒட்டல. பாப்பா, உன் பேரென்ன சொன்ன? மோனிஷாவா. இந்தாம்மா, எழுத்தப் பாரு, முத்து முத்தா இல்ல? நீயும் லிட்ரேச்சர் படிச்சா இப்படி எழுதலாம். படிச்சு உங்க அப்பாவுக்குத் தமிழ்ல சொல்லு பாப்போம். அவருக்கும் ஒரு தெம்பு வரட்டும்.

ம். படி.

'என் பெயர் சிந்துஜா'வா? நல்லுசாமி ஆகிய நான்னுல்ல ஆரம்பிச்சிருந்தேன். சரி, இங்கிலீஷ்ல அப்படித்தான் போலருக்கு. மேல சொல்லு.

'இதுக்குக் கீழ இருக்கிறது என் அப்பா கையெழுத்து. அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது.' வராதுதான். அத எதுக்கு அவங்களுக்கு எழுதுறா? உங்கப்பா மூஞ்சிய என்னம்மா பாக்குற, என்னப் பாரு. படி.

'நான் நல்லா இருக்கேன்னு இதுல எழுதியிருக்குன்னு நினைச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கார். நான் நல்லா இல்ல.'

நீ தப்பாச் சொல்றியோ பாப்பா? ப்ளஸ் டூதானே முடிச்சிருக்க. இன்னொரு தடவ பாரு. அதேதானா. சார், நீங்க கொஞ்சம் வாங்கிப் பாருங்க. பேக்டரில வேலைன்னு சொன்னீங்களே, அங்க இங்கிலீஷ்ல கடுதாசி வரும்ல, உங்களுக்குத் தெரியுமே. அதேதான் போட்டிருக்கா?

படிம்மா. நிறுத்தாத. நான் கேக்குறேன்ல.

'எங்க வரிசைக்கு வர்றது பூரா சின்னப் புள்ளைங்க சம்பந்தப்பட்டது. ஒரு நாளைக்கு நானூறு. கொடுமை எந்த நொடியில ஆரம்பிக்குது, எந்த நொடியில முடியுதுன்னு குறிக்கணும். பாதியில நிறுத்தக் கூடாது. அதுல ஒரு புள்ளைய மட்டும் பதினாறு வீடியோவுல பாத்துட்டேன், ஒவ்வொண்ணுலயும் அது கொஞ்சம் வளர்ந்திருக்கு. அதக் காப்பாத்த எங்க சொல்லணும்னு கேட்டேன், உங்க வேலை குறிக்கிறது மட்டும்தான்னு சொன்னாங்க.'

அவ்வளவு போதும். இல்ல, இல்ல, படி. இன்னும் எத்தன வரி இருக்கு?

'திங்கட்கிழமை என் அப்பா என்னை வாசல் வரைக்கும் கூட்டிக்கிட்டு வருவார். எங்கிட்ட இதையெல்லாம் அவர் கேட்டதில்ல. தயவு செஞ்சு என்னை உள்ள விடாதீங்க. நானே கேட்டாலும் விடாதீங்க.'

அப்புறம்? கையெழுத்தா. என் கையெழுத்துதான் அது.

தண்ணி இருக்கா சார். இருங்க, குடிச்சுக்கிறேன். சின்னப் புள்ளைங்கன்னு எனக்கு யாரும் சொல்லல. வீடியோன்னாங்க. நான் சண்ட, விபத்து, அந்த மாதிரி இருக்கும்னு நினைச்சேன். அதுவும் நான் நினைச்சேனான்னு தெரியல. நினைக்கவே இல்ல சார். ஏசின்னு நினைச்சேன், காருன்னு நினைச்சேன். ஒம்பதாவது பக்கத்துல என் புள்ள நிறுத்திட்டு என்னப் பாத்தா. நான் சிரிச்சேன்.

சரி. இப்ப என்ன ஆயிப்போச்சு. தாம்பரத்துக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு அங்க நிக்கணும், கையில கடிதம் இல்லாம எப்படி நிக்கிறது. வேற வரிசைக்கு மாத்தச் சொல்லி நான் பேசிக்கிறேன், கால்ல விழுந்தாவது பேசிக்கிறேன். நம்ம போய் நின்னா மாத்தாமயா போயிருவாங்க. ஆனா இந்தத் தாளக் குடுத்தா முடிஞ்சுது. ஐ.டி. கம்பெனிப் பொண்ணுக்குப் புத்தி கலங்கிருச்சுன்னு எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும், அப்புறம் ஒருத்தன் வாசல்ல ஏறுவானா.

பாப்பா, உனக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வருதே. அந்த அப்ளிகேசனுக்குப் பின்னாடி வெள்ளைத் தாளு இருக்குல்ல, ஒண்ணு உருவு. இந்தா பேனா. நான் தமிழ்ல சொல்றேன், நீ இங்கிலீஷ்ல எழுது. பஸ்சு ஆடும், நின்ன எடத்துல எழுதிக்கலாம். எழுது. 'நல்லுசாமி ஆகிய நான் மனப்பூர்வமாக எழுதிக் கொடுப்பது. என் மகள் சிந்துஜா தற்போது பூரண...'

பூரண...

எழுதிட்டியா? எழுதலையா. ஏன்மா? எழுத்துப் பிழையா வந்தாலும் பரவால்ல. உங்க அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. சார், எழுதச் சொல்லுங்க. நீங்க சொன்னா எழுதும்.

வெளிய வரணுமா? தலை சுத்துதா? வா, வா, நான் கால ஒதுக்கிக்கிறேன். கம்பியப் புடிச்சுக்க.

அங்க எங்க போகுது சார் உங்க பொண்ணு? என் பொண்ணுகிட்டப் போகுது. கடிதத்தையும் கையில கொண்டு போயிருச்சு. குடுத்துருச்சு. உக்காந்துருச்சு பக்கத்துல, அவளும் பைய எடுத்து மடியில வச்சுக்கிட்டு எடம் குடுக்குறா. எனக்குக் குடுக்காத எடம்.

திரும்புறா. என்னைத்தான் பாக்குறா. நான் என்ன சார் பண்ணணும்? தலைய ஆட்டணுமா? என்னன்னு ஆட்டுறது?

அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா.

உங்க பொண்ணு என்னமோ கேக்குது. வாய் அசையுது பாருங்க. இன்னொரு தடவ கேக்குது. என் பொண்ணு... சார், பேசுறா. சிந்து பேசுறா. 'ம்' இல்ல, பேசுறா. கைய விரிச்சு விரிச்சுப் பேசுறா. கண்டக்டர் கூடத் திரும்பிப் பாக்குறாரு. மூணு மாசமா அவ குரல் எப்படி இருக்கும்னே மறந்து போச்சு எனக்கு. இந்த இரைச்சல்ல ஒண்ணும் காதுல விழ மாட்டேங்குது. உங்களுக்கு ஏதாவது கேக்குதா?

வெளிய சொல்லக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கு. நான் போய் நிறுத்தணும்.

எந்திரிக்க முடியல சார்.

உங்க பொண்ணு முகத்தப் பாத்தீங்களா, எப்படி ஆயிருச்சு. காலையில அப்ளிகேசன் குடுக்கப் பொறப்பட்ட புள்ள. அவ சொல்றதெல்லாம் இந்த வயசுல கேக்கக் கூடாதுதான். நீங்க எந்திரிக்கிறது எனக்குப் புரியுது, நானா இருந்தாலும் எந்திரிச்சிருப்பேன். அந்த எடத்துல நாந்தான் உக்காந்திருக்கணும்.

இருந்தாலும் கூப்பிட்டுறாதீங்க சார். கொஞ்ச நேரம். அவ சொல்லி முடிக்கட்டும்.